மூச்சு விடாத விளக்கு

இன்று ரேஷன் கடையில் சோளம் போட்டார்கள். கடைக்காரன் மூட்டையின் வாயைக் கிழித்ததும் அந்த வாடை வந்தது. புளித்த கூழும் ஈர மண்ணும் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடும் ஒன்றாய்ச் சேர்ந்த வாடை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குழிச்சோளம் இது, மண்ணுக்குள்ள பொதைச்சு வெச்சது. எத்தனை தண்ணி ஊத்திக் கழுவினாலும் போவாது" என்றாள். அரியலூர் டவுன்காரர்களுக்கு அது வெறும் நாற்றம். நான் பையைச் சுருட்டிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நம் ஊர் வண்டிக்காரர் சடையன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, சோளம் வாங்காமயே ஓடுறீங்க?"

"எந்த ஊருச் சோளம் இது?"

"நம்மூருதான். பண்ணையார் வூட்டு வடக்குக் குழி. நல்லதெல்லாம் சந்தைக்குப் போயிடுச்சு, மக்கினத சர்க்கார் லெவிக்கு அளந்துட்டாரு. வெள்ளிக்கெழம பெரிய குழியத் தெறக்குறாங்க."

பெரிய குழி. அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"யாரு எறங்குறா?"

"வேற யாரு, ஒங்க கூட்டாளியோட தம்பிதான். நான்கூடக் கேட்டேன், ஏன்டா ஒங்கண்ணன் போன குழியாச்சேன்னு. அதுக்கு என்னா சொல்றான் தெரியுங்களா? 'எங்கண்ணன் குடிச்சிட்டு எறங்குச்சு, விழுந்துச்சு. நாந்தான் கள்ளு மொந்தையத் தொடுறதே இல்லயே, எனக்கு என்னா ஆயிடும்'ங்கிறான். நல்ல பய."

அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார். நான் ரயில்வே கேட் வரைக்கும் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று புதன்கிழமை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மூன்றாம் வகுப்பு வரை நாம் ஒரே பள்ளிக்கூடம். நான் உள்ளே, நீ வாசற்படிக்கு வெளியே. அதற்குப் பிறகு உன்னைப் பண்ணையார் வீட்டு மாடு மேய்க்க அனுப்பினார்கள், என்னைப் பெரம்பலூருக்கும் பிறகு திருச்சிக்கும் படிக்க அனுப்பினார்கள். ஊருக்குள் என்னைச் "சின்னய்யா" என்பாய். ஏரிக்கரை தாண்டினால் "டேய்" என்பாய். எனக்கு அந்த இரண்டாவது பெயர்தான் பிடிக்கும் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. ஊருக்குள் அந்த முதல் பெயர் வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

காலேஜ் லீவில் நான் வந்திருந்த ஒரு கோடையை நினைத்துப்பார்க்கிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. கிளீனர் பின்பக்கம் நின்று அடுப்பு விசிறியைச் சுற்று சுற்று என்று சுற்றினால்தான் வண்டி நகரும், பூலாம்பாடி வந்து சேர்வதற்குள் நான்கு இடத்தில் மூச்சு வாங்கி நின்றது. அங்கிருந்து நடந்து வந்தேன். நீ பண்ணைக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தாய். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து இறங்குவாய், அவை ஏறும்போது கூடவே ஓடி ஏறுவாய். மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது உன் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கின.

"ஏன் இப்படி எரைக்குது ஒனக்கு?" என்றேன்.

"ஏன்னு நீதான் சொல்லணும். ஒங்கொப்பாரு அதுக்குத்தான படிக்க வெக்கிறாரு."

சொன்னேன். புத்தகத்தில் படித்தது சூடாக இருந்தது எனக்கு. நாம் இழுக்கிற காற்றில் பிராணவாயு இருக்கிறது. நெஞ்சுப்பைக்குள் ரத்தம் அதை வாங்கிக்கொண்டு கை, கால், மூளை என்று எல்லா இடத்துக்கும் சுமந்து போகிறது. அங்கே நாம் தின்ற சோறும் அந்த வாயுவும் சேர்ந்து எரிகின்றன. தீ தெரியாத, மெதுவான எரிதல். அதில் வருவதுதான் உடம்புச் சூடு, அதில் வருவதுதான் நீ வடம் இழுக்கிற பலம். எரிந்து மிஞ்சிய கரியமில வாயுவை மூச்சு வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. வேலை கூடக்கூட எரிவது கூடும், அதனால்தான் நெஞ்சு துருத்தி போல் அடித்துக்கொள்கிறது.

நீ முழுக்கக் கேட்டாய். வகுப்பில் என்னோடு படித்த எவனும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்ப நான் ஒரு அடுப்புங்கிற."

"ஆமா."

"வெறகு?"

"நீ குடிக்கிற கூழு."

நீ சிரித்தாய். சிரிக்கும்போதும் இரைத்தது. "காலையில ஒரு கலயம். அதுல பாதி தண்ணி. ஈர வெறக வெச்சிட்டு ஊது ஊதுன்னா எப்படிடா எரியும்? இத ஒன் பொஸ்தகத்துல எழுதியிருக்கானா?"

எழுதியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்று வரை எந்தப் புத்தகத்திலும் நான் பதில் பார்க்கவில்லை. கிணற்றிலிருந்து நாற்பது முழம் தள்ளி, சோளம் நிறைந்த பெரிய குழி மண்ணுக்கடியில் கிடந்தது. அதை விளைவித்தவன் கூழில் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தான்.

உனக்கு ஊருக்குள் ஒரு பெயர் இருந்தது, மூச்சடக்கி என்று. யார் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. தண்ணீர் மொண்டு குடிக்கத்தான் உன்னை விடமாட்டார்கள், வாளி எடுக்க முழுகலாம். உதடு நீலம் பாரித்து மேலே வருவாய், கையில் வாளி இருக்கும். ஒருமுறை நூற்றிருபது வரை எண்ணினேன் என்றாய். அப்போதும் எனக்குச் சொல்ல ஒரு பாடம் இருந்தது. உடம்பு சோற்றைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும், தண்ணீரைக்கூடக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும், பிராணவாயுவைச் சேர்த்து வைக்க அதனிடம் இடம் இல்லை, அதிலும் மூளை கொஞ்ச நேரம்கூடத் தவணை தராது, வாயு நின்றால் முதலில் அணைவது அதுதான் என்றேன்.

"சரிதான்" என்றாய் நீ. "வருஷத்துத் தானியத்தப் பண்ணையாரு பூட்டி வெச்சிக்கலாம். காத்த எவனும் பூட்டி வெக்க முடியாதுல்ல? அதுவாச்சும் நமக்கு மிச்சம்."

அந்தப் பேச்சில்தான் குழி முனி வந்தது. குழிக்குள் முனி குடியிருக்கிறது, மூடியைத் திறந்ததும் உள்ளே போகிறவனை அமுக்கிவிடும், அதனால் ஒரு பொழுது குழியைத் திறந்து போட வேண்டும், பிறகு வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அடிக்க வேண்டும், கடைசியில் எண்ணெய் விளக்கை இறக்க வேண்டும், விளக்கு நின்றால் முனி போய்விட்டது, அணைந்தால் இன்னும் இருக்கிறது என்று உன் அப்பன் உனக்குச் சொல்லியிருந்தான். நான் கேலி செய்தேன். முனியும் கிடையாது ஒன்றும் கிடையாது, சோளமும் உயிருள்ளது, அதுவும் மூச்சு விடுகிறது, மூடிய குழிக்குள் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவைக் கக்கி வைக்கிறது, மழைத்தண்ணீர் கசிந்தால் இன்னும் வேகமாகத் தின்னும், விளக்கும் மனுஷனும் தின்பது ஒரே வாயு, அதனால்தான் விளக்கு அணைகிற இடத்தில் மனுஷனும் அணைவான் என்றேன்.

"இருக்கட்டும். முனிக்கும் வெளக்குதான், ஒன் வாயுவுக்கும் வெளக்குதான். வெளக்கு வேணுமுல்ல? அத விட்டுராத."

இதைச் சொன்னவன் நீ.

அந்த வருஷம் மார்கழியில் மறுபடி லீவுக்கு வந்தேன். ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது, பச்சைமலைப் பக்கம் ஓடையெல்லாம் இன்னும் ஓடியது. வந்த மறுநாள் காலை பத்து மணி இருக்கும், பண்ணை ஆள் வந்து என்னையும் அப்பாவையும் கூப்பிட்டான். தாசில்தார் ஆட்கள் மறுநாள் குழிகளைச் சோதனை போட வருகிறார்களாம். பெரிய குழியில் பாதிச் சோளம் இருந்தது. அதைச் சாயங்காலத்துக்குள் எடுத்து உடையார்பாளையத்தில் இருந்த சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பண்ணையின் குத்தகை நிலம் வைத்திருந்த எல்லோரும் வண்டியோடு வந்து நின்றோம். வயிற்றுக்கில்லாமல் சர்க்கார் கஞ்சித்தொட்டி வைக்குமா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில், சோளத்தை ஒளித்து வைக்க ஒரு ஊரே கைகட்டி வந்து நின்றது. நானும் நின்றேன்.

நீயும் இன்னும் இரண்டு பேரும் மண்ணைக் கொத்திக் கல்மூடியைப் புரட்டினீர்கள். வாய் ஒரு ஆள் தோள் நுழையும் அகலம். உள்ளே இரண்டு ஆள் ஆழம். வெதுவெதுவென்று ஒரு ஆவி வந்து முகத்தில் அடித்தது. அந்த வாடை. இன்று கடையில் வந்த அதே வாடை.

நீ இரண்டடி பின்னால் நகர்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னாய்: "ஆண்டை, ஒரு பொழுது தெறந்து கெடக்கட்டுங்க. குழி மூச்சு விடணும்."

"குழி மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா நாளைக்கு நான் மூச்சு விட முடியாதுடா. எறங்கு."

"வேப்பங்கொத்தாச்சும் ஒடிச்சாந்து அடிச்சிடுறங்க. வெளக்கு..."

மண்ணெண்ணெய் யாரிடமும் இல்லை, யுத்தம் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. பண்ணை வீட்டில் நல்லெண்ணெய் விளக்கு இருந்தது. கேட்கப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "வூட்டு வெளக்க அவன் கையில குடுத்துட்டு மறுபடி வாங்கி ஏத்துறதா?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம்.

பண்ணையார் ஒரு விநாடி யோசித்துவிட்டுச் சிரித்தார். பட்டாளத்திலிருந்து வந்த மருமகன் அவருக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்திருந்தான். மூன்று பாட்டரி போட்டது, நம் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அதை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். "இத விடவா வெளக்கு? நீ திருச்சியில சயின்ஸ் படிக்கிறவன். நீயே எறக்கிப் பாரு."

எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா முகத்தில் ஒரு பெருமை. நான் டார்ச்சைக் கயிற்றில் கட்டினேன். நீ அருகே வந்து அதன் கண்ணாடியை உள்ளங்கையால் மூடிப் பார்த்தாய், உன் விரலிடுக்கெல்லாம் சிவப்பாய்த் தெரிந்தது.

"சூடே இல்லீங்களே. இது எதத் தின்னு எரியுதுங்க?"

"பாட்டரியத் தின்னுடா. ஒன்ன மாதிரி கூழக் குடிச்சா எரியும்?" என்றான் பண்ணை ஆள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோடை முழுக்க உனக்குப் பாடம் சொன்ன வாயால் சிரித்தேன். நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ சரியான இடத்துக்கு வந்து நின்றிருந்தாய். எனக்கு அது காதில் ஏறவில்லை.

இறக்கினேன். கீழே சோளத்தின் மேல் வெளிச்சம் வட்டமாக விழுந்து ஆடியது. எந்த எண்ணெய் விளக்கும் அப்படிப் பளிச்சென்று எரிந்ததில்லை.

"எரியுதுங்களா சின்னய்யா? எறங்கட்டுங்களா?"

ஏரிக்கரைக்கு அப்பால் இருந்திருந்தால் நீ "டேய்" என்று கேட்டிருப்பாய், நானும் ஒரு கணம் யோசித்திருப்பேன். அங்கே நீ அப்படிக் கேட்டாய். நானும் அதற்கு ஏற்றவனாகப் பதில் சொன்னேன்.

"எரியுது. எறங்கு."

இருந்தது ஒரே நீளக் கயிறு, அதில் டார்ச் தொங்கியது. இடுப்புக்குக் கயிறு கட்டாமல், சுவரில் வெட்டியிருந்த படிக்குழிகளில் கால் வைத்து இறங்கினாய். கூடைக்காகக் கயிற்றை அவிழ்த்துவிட்டு டார்ச்சைச் சோளத்தின் மேல் வைத்தாய். "சூடா கெடக்குதுங்க சோளம்" என்றாய். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. பிறகு நெஞ்சு அகல ஒரு மூச்சு இழுத்தாய், இன்னொன்று. களைத்தவன் உட்காருவது போல் முட்டி மடங்கிற்று.

நூற்றிருபது எண்ணுகிறவன் நீ. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியிருந்தால் வெளியே வரும் அளவுக்கு உனக்கு நேரம் இருந்திருக்கும். விளக்கு எரிகிறது என்று நான் சொன்னதால் அடக்காமல் இறங்கினாய்.

"மயக்கம் போட்டுட்டான், எவனாச்சும் எறங்குங்கடா" என்று பண்ணையார் கத்தினார். நான் குழி வாயில் கால் வைத்தேன். அப்பா என் அரைஞாணைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளினார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அங்கேயே காய்ந்த சோளத்தட்டை குவியலாகக் கிடந்தது. ஒன்றைக் கொளுத்திக் குழிக்குள் பிடித்தேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. அதற்கு அப்பால், கீழே, டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. உன் முகத்தின் ஒரு பாதியில் அதன் வெளிச்சம் விழுந்திருந்தது. கண் திறந்திருந்தது.

உன்னைப் பாதாளக் கரண்டி போட்டு எடுத்தார்கள். அதை இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

சாயங்காலம் ஊர் முன்சீப் காகிதத்தோடு வந்தார். வேப்பமரத்தடியில் உன்னைக் கோணிமேல் போட்டிருந்தது. உன் தம்பி ஆட்டுக்கிடையோடு ஜெயங்கொண்டம் பக்கம் போயிருந்தான், சொல்லியனுப்பியும் மறுநாள்தான் வந்தான். முன்சீப் எழுதியதை வாசித்தார்: கள் குடித்த மயக்கத்தில் கால் தவறிப் பாழ்ங்குழியில் விழுந்து இறந்தான். பாழ்ங்குழி. அதில் சோளமே இல்லை. நீ குடித்தும் இருக்கவில்லை. காலையில் ஒரு கலயம் கூழ், அதில் பாதி தண்ணீர்.

"படிச்ச பையன் இருக்கானே, அவனே சாட்சி போடட்டும்" என்றார் பண்ணையார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "போடுப்பா. தைக்கு நாத்து விடணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நிலம் பண்ணையுடையது. நான் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் போட்டேன். அந்த நேரத்திலும் எழுத்து அழகாக விழுந்தது.

அதற்குப் பிறகு காலேஜுக்குத் திரும்பிப் போக முடியவில்லை. மூச்சைப் பற்றி வாத்தியார் போர்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அரியலூரில் கூட்ஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர்கள் இருமிக்கொண்டே சுமக்கிறார்கள். அவர்களுடைய நெஞ்சும் துருத்திதான். அவர்களுக்கும் யாரோ ஒருவன் மேலே நின்றுகொண்டு "ஒண்ணும் ஆவாது, ஏறு" என்கிறான். வெள்ளைக்காரன் போய்விட்டான், கொடி மாறியது, ஷெட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். யார் இறங்க வேண்டும், யார் மேலே நின்று சொல்ல வேண்டும் என்பது மாறவில்லை.

இத்தனை வருஷமும் நான் போட்ட கையெழுத்து செத்துப்போன ஒரு காகிதம் என்று நினைத்திருந்தேன். முன்சீப் வீட்டுப் பரணில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அது உன் தம்பியின் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. குடித்தவன் செத்தான், குடிக்காதவன் பிழைப்பான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காகிதம். நல்ல பையன் என்கிறார் சடையன். கள்ளைத் தொடாத ஒழுக்கத்தோடு வெள்ளிக்கிழமை குழிக்குள் இறங்கி, நெஞ்சு அகல மூச்சு இழுப்பான்.

இந்த வருஷமும் மழை பெய்திருக்கிறது. கீழே சோளம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இதை எழுதுகிற இப்போதும், மூடிக்குக் கீழே, இருட்டில், மணி மணியாக, உன் தம்பிக்குச் சேர வேண்டிய காற்றைத் தின்றுகொண்டிருக்கும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போய் அங்கிருந்து ஊருக்குப் போகிறேன். கடைத்தெருவில் ஒரு அகல் வாங்கிவிட்டேன், ஒரு சீசாவில் எண்ணெய், திரி, தீப்பெட்டி. எல்லாம் பைக்குள் இருக்கிறது. அகல் மட்டும் போதாது என்று தெரியும். உன் தம்பி, "அதெல்லாம் எதுக்குங்க, அண்ணன் குடிச்சிருந்துச்சு" என்பான். அப்போது நான் பண்ணையார் காதுபட, அப்பா காதுபட, அவனிடம் சொல்ல வேண்டும்: உன் அண்ணன் குடிக்கவில்லை. அவன் விளக்குக் கேட்டான். நான்தான் எரியுது என்றேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா இந்த வருஷமும் அந்த நிலத்தில்தான் உழுகிறார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படி ஏறி அறைக்கு வந்தபோது இரைத்தது. பூட்டைத் திறக்காமல் நின்று அதைக் கவனித்தேன். காற்று உள்ளே போகிறது, ரத்தம் வாங்கிக்கொள்கிறது, மதியம் தின்ற சோறு எங்கேயோ எரிகிறது, கை சூடாக இருக்கிறது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. குழி வாயில் நின்றபோது என் நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. "இரு, எறங்காத" என்று சொல்ல அதில் ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை நான் விடவில்லை. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை அதைச் சுமந்துகொண்டு போகிறேன்.